யாரும் குறை சொல்லாத டிரைவர்

மூன்று வருடமாக என் டிரைவரைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. அதுவே அதற்கு வினையாகப் போனது.

சர்வரில் வரிசையாகச் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்குகளைக் கட்டி மேய்க்க ஓர் அட்டை உண்டு. கன்ட்ரோலர் என்பார்கள். அந்த அட்டையோடு இயங்குதளம் பேசுவதற்கான நிரல்தான் டிரைவர். அட்டையைச் செய்த நிறுவனம் அதைத் தலைமுழுகிப் பதினொரு வருடமாகிறது. அன்றிலிருந்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு திறமூல இயங்குதளத்தில் அந்த டிரைவரைப் பராமரிப்பவன் நான். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகள் போயின, முதுகும் போயிற்று. "அந்தத் தகரத்தையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று மனைவி சொல்வதும் பழகிவிட்டது.

ஒரு நாள், எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் பட்டியலில் இயங்குதளத்தின் தலைமைப் பராமரிப்பாளர் எழுதினார். புகார் இல்லை, ஆகவே பயனரும் இல்லை. ஆறு வாரத்துக்குள் ஒருவராவது 'நான் பயன்படுத்துகிறேன்' என்று இங்கே எழுதாவிட்டால் நீக்கிவிடலாம். என் வார்த்தை செல்லாது. பராமரிப்பவன் பயனர் இல்லையாம். பிழையெல்லாம் தேடித் தேடிச் சரிசெய்த மடையன் நான். நாலு பிழையை விட்டுவைத்திருந்தால் நாலு பேராவது கத்தியிருப்பார்கள்.

என் தம்பி ஒரு ஸ்கேன் மையத்தில் மூன்று சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறான். மூன்றிலும் அந்த அட்டைதான். போன் செய்தேன்.

"ஒரே ஒரு வரி எழுதுடா, போதும்."

"நல்லாத்தானே ஓடுது. அதுல எழுத என்ன இருக்கு?"

"அதையே எழுது."

"சரிண்ணா, இன்னைக்கே எழுதிடறேன்."

எழுதவில்லை. நினைவுபடுத்தியபோது, "மறந்தே போச்சுண்ணா" என்றான். மூன்றாம் முறை கேட்க எனக்கு வீம்பு இடம் கொடுக்கவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. நீக்கும் மாற்றத்துக்குப் பராமரிப்பவனே ஒப்புதல் எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீக்க வேண்டியது என் நிரலில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரிகள். கீழே என் பெயரைப் போட்டேன். நல்ல சுத்திகரிப்பு என்று ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார்.

இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்த வாரமே தம்பி கூப்பிட்டான்.

"அண்ணா, அப்டேட் பண்ணேன், ஒரு டிஸ்கும் தெரியல. ஜனங்க ரிப்போர்ட்டுக்கு நிக்கிறாங்க. எவன்ணா அந்த டிரைவரைத் தூக்கினது?"

"நான்தான்."

பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை ஒவ்வொரு படியாகச் சொன்னேன். டிஸ்குகள் வந்துவிட்டன.

"இதுலயே எத்தனை நாள் ஓட்டுறது? பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராதே. திரும்பச் சேர்த்துடுண்ணா."

"சேர்க்கலாம். பயன்படுத்துற ஒருத்தர் லிஸ்ட்ல ஒரு வரி எழுதணும்."

"அதுக்கு மேனேஜர்கிட்ட கேக்கணும்ணா. எங்க பேரெல்லாம் வெளியில வரக்கூடாதில்ல."

கேட்டுச் சொல்லு என்றேன். நாலு மாதமாகிறது. இப்படி ஒரு டிரைவர் இருந்த விஷயமே அந்த மேனேஜருக்கு இன்னும் தெரியாது.