நடுவட்டத்துப் பூசணிக்காய்

பெண்கள் கூடைப்பந்து அணிக்கு வெள்ளிவிழா என்று பல்கலைக்கழகத்திலிருந்து விஜயபாண்டி போன் செய்தபோது, ஜெனிலா பள்ளி மைதானத்தில் விசிலை வாயில் வைத்திருந்தாள். அதை எடுக்காமலே கேட்டாள்.

“பழைய டீமும் இப்ப உள்ள டீமும் ஒரு மேட்ச் ஆடணும் மேடம். புது இண்டோர் கோர்ட்டு திறக்கிறோம். மரத் தரை. வெளிநாட்டு மரம்.”

விஜயபாண்டி அங்கே உடற்கல்வி இயக்குநர். நிர்வாகம் நில் என்றால் நிற்பார். உட்கார் என்றால், நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்காருவார்.

ஜெனிலா விசிலை எடுத்தாள். “இருபத்தஞ்சு வருஷம்னு எப்படி சார் வருது? நடுவுல ரெண்டு வருஷம் டீமையே கலைச்சீங்களே, அதையும் சேத்தா?”

“அதெல்லாம் பெரிய எடத்து விஷயம் மேடம்.”

“சரி, வாரோம். ஒரு கண்டிஷன். முதல் கேப்டன் வெள்ளைத்தாய்னு மைக்ல சொல்லணும். அவளை எதுக்கு வெளிய அனுப்புனீங்கன்னும் சொல்லணும்.”

“முதல்ல சொன்னதைக் கண்டிப்பாச் சொல்லிருவோம்” என்றார் விஜயபாண்டி. இரண்டாவதைக் கேட்காதவர் போல போனை வைத்துவிட்டார்.

அந்தப் பல்கலைக்கழகம் அப்போது வெறும் கல்லூரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே நான்கு கட்டடம். முதல் அணியில் வெள்ளைத்தாய் மூன்றாம் வருடம், கேப்டன். ஜெனிலாவும் பாண்டிசெல்வியும் முதல் வருடம். பெண்கள் பந்து விளையாடலாம், ஆனால் துப்பட்டாவோடுதான் விளையாட வேண்டும் என்றார் நிறுவனர். ஆகவே இரண்டு தோளிலும் ஊக்குக் குத்திக்கொண்டு விளையாடினார்கள். எதிரணிப் பெண்கள் சிரித்தார்கள்.

கோவில்பட்டியில் மண்டல இறுதிப் போட்டி. பாதி ஆட்டத்தில் பாண்டிசெல்வியின் துப்பட்டா யாருடைய விரலிலோ மாட்டி, ஊக்கு தோளைக் கிழித்தது. வெள்ளைத்தாய் தன் துப்பட்டாவைக் கழற்றி மடித்து பெஞ்சில் வைத்தாள். “கழட்டுங்கட்டி” என்றாள். கழற்றினார்கள். ஜெயித்தார்கள்.

திரும்பி வந்ததும் கோப்பை நிறுவனரின் அறைக்குப் போனது. வெள்ளைத்தாய் வீட்டுக்குப் போனாள். ஒழுக்கம் சரியில்லை என்று அனுப்பினார்கள். என்ன ஒழுக்கம், எங்கே சரியில்லை என்று சொல்லவில்லை. அது வசதியாகப் போயிற்று. அவள் ஊர் வ. புதுப்பட்டி. ஊர்க்காரர்கள் தங்கள் கற்பனைக்கு எட்டியதை எல்லாம் அதில் நிரப்பிக்கொண்டார்கள்.

அணியைக் கலைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, தரச்சான்று கொடுக்கும் குழு வந்து, பெண்களுக்கு விளையாட்டு உண்டா என்று கேட்டது. ஒரே வாரத்தில் அணி முளைத்தது. கையில்லாத ஜெர்சி, கால்சட்டை எல்லாம் முளைத்தன. வெள்ளைத்தாயைக் கூப்பிடத்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஜெனிலா ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டிக்கு ஸ்கூட்டரில் போனாள். வெள்ளைத்தாய் தோப்பில் தேங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் ஒரு கையால் எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் எறிந்தாள். எல்லாம் ஒரே குவியலில் போய் விழுந்தன.

புருஷன் மாரிசாமி கட்டிலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“போகட்டும் டீச்சர். அங்க யாரு யாரையெல்லாம் பாக்க வேண்டியிருக்கோ.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேசுவது இதைத்தான். குழம்பில் உப்புக் குறைந்தாலும் கடைசியில் கல்லூரியில்தான் போய் முடியும். ஊர் பேசியது தெரிந்தும் கட்டிக்கொண்டேனாக்கும் என்பார். அதைவிடப் பெரிய காரியம் எதையும் அவர் வாழ்க்கையில் செய்ததாகத் தெரியவில்லை.

வெள்ளைத்தாய் நிமிரவில்லை. “எதுக்கு அனுப்புனாவன்னு மைக்ல சொல்லுவாவளாட்டி?”

“சொல்லணும்னு சொல்லிருக்கேன்க்கா.”

“அப்ப வாரேன். இவியளையும் கூட்டிட்டு வாரேன். வந்து காதால கேக்கட்டும்.”

விழா அன்று வாசலில் ‘வரலாற்றுச் சுவர்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். இருபது அடிக்கு ஃப்ளெக்ஸ். அதில் முக்கால் பங்கு, போன வருடம் இறந்துபோன நிறுவனர். ஒரு படத்தில் பந்தைப் பலாப்பழம் போல வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். முதல் அணியின் படமும் இருந்தது. அதில் ஓரத்தில் நின்ற வெள்ளைத்தாய் தோளோடு வெட்டப்பட்டிருந்தாள். ஜெனிலாவின் முதுகுக்குப் பின்னால் அவள் கை மட்டும் மிச்சம்.

“கையாவது வந்திருக்கே” என்றாள் பாண்டிசெல்வி. முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு அடி தள்ளி நின்றாலும் வாடை அடித்தது.

உடைமாற்றும் அறையில் ஜெர்சி கொடுத்தார்கள். முன்பக்கம் நிறுவனரின் முகம், பெரிதாக, சிரித்தபடி. எண் அதற்குக் கீழே, பஸ் டிக்கெட் எண் அளவுக்கு.

வெள்ளைத்தாய் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். “எதை மூடு மூடுன்னு உயிரை எடுத்தாரோ, அங்கயே வந்து உக்காந்துக்கிட்டாரே.”

பாண்டிசெல்வி சிரித்துச் சிரித்து முட்டியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள்.

அரங்கம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதனால்தான் ஜெனிலாவுக்கு அதிகம் எரிச்சல் வந்தது. தேன் நிறத்தில் பலகை, முகம் தெரியும் மெருகு. இதில் ஓடினால் முட்டியே வலிக்காது. அந்தத் தரையின் நடுவட்டத்தில் ஆளுயரக் குத்துவிளக்கை நிறுத்தி, ஐந்து முகத்திலும் எண்ணெய் வழிய வழிய ஊற்றியிருந்தார்கள். பக்கத்தில் கற்பூரம். பக்கத்தில், குங்குமம் அடைத்த பூசணிக்காய்.

“அதை வெளிய வாசல்ல ஒடைப்பாவளா இருக்கும்” என்றாள் ஜெனிலா.

உடைத்தது உள்ளேதான். விஜயபாண்டியே இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, பந்து எறிந்து ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே போட்டு உடைத்தார். திருஷ்டி நடுவில்தான் இறங்கும் என்று யாரோ மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டு மரத்தில் விதையும் சதையும் குங்குமச் சேறும் தெறித்தன. விளக்கைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் போகிற வழியெல்லாம் எண்ணெய்க் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். வெள்ளைத்தாய் அந்தச் சிதறலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுவனரின் மருமகள்தான் இப்போது டைரக்டர் மேடம். ஒருநாளும் பந்தைத் தொட்டவர் இல்லை. கோப்பையை மேசையில் வைத்து, அதன்மேல் கைவைத்துப் பேசினார்.

“ஒரு காலத்தில் பெண்கள் துப்பட்டாவோடு விளையாடினார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடுங்கள் என்று முதன்முதலில் சொன்னவர் எங்கள் மாமா. கோவில்பட்டி இறுதிப் போட்டியில், பாதி ஆட்டத்தில், அந்தப் புரட்சி நடந்தது. அந்தக் கோப்பைதான் இது.”

கைதட்டல் ஓய நேரமாயிற்று.

“அவரு அன்னைக்குக் கோவில்பட்டிக்கே வரலையேட்டி” என்றாள் பாண்டிசெல்வி.

“வந்திருந்தா ஆட்டத்தை நிப்பாட்டிருப்பாரு” என்றாள் ஜெனிலா.

விஜயபாண்டியைத் தேடினாள். அவர் கூரையில் விளக்குகள் சரியாக எரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்தது. முதல் கேப்டன் என்ற சொல்லே வரவில்லை. வெள்ளைத்தாய் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஜெனிலாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் ஜெனிலாவுக்குத் தாங்கவில்லை.

பின்வரிசையிலிருந்து மாரிசாமி எட்டி ஜெனிலாவின் தோளைத் தட்டினார்.

“டீச்சர், துப்பட்டாவைக் கழட்டச் சொன்னது அந்தப் பெரியவரா?”

“இல்ல. ஒங்க வீட்டம்மா.”

“அதுக்கா வெளிய அனுப்புனாவ?”

“அதுக்குத்தான்.”

“அம்புட்டுத்தானா?”

“வேற என்ன வேணும் ஒங்களுக்கு?”

ஜெனிலா அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெட்கமோ வருத்தமோ இருக்கும் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை. இருந்தது ஏமாற்றம். இத்தனை வருடம் இடுப்பில் சொருகிவைத்து மிரட்டிய கத்தி, திருவிழாக் கடையில் வாங்கிய அட்டைக் கத்தி என்று தெரிந்துபோன ஆளின் முகம் அது.

பிறகு பொன்னாடை. முதல் அணி மாணவிகள் என்று மொத்தமாக மேடைக்கு அழைத்தார்கள். டைரக்டர் மேடம் கேமராவைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் போர்த்தினார். வெள்ளைத்தாய்க்குப் போர்த்தும்போதும் கேமராவைத்தான் பார்த்தார். தோளிலிருந்து துணியை எடுத்ததற்காக வெளியே அனுப்பிய இடம், அதே தோளில் ஒரு துணியைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டது. கையில் ஆளுக்கொரு டப்பா பால்கோவா கொடுத்தார்கள். கோப்பை மேடத்தின் பக்கமே இருந்தது.

ஆட்டத்துக்கு நடுவராக வந்திருந்தவள் ஏசம்மாள். ராஜபாளையத்துக்காரி. யார் போட்டி நடத்தினாலும் விசில் ஊதுவாள். யாருக்கும் பயப்பட மாட்டாள். நடுவட்டத்துக்குப் போனவள் அங்கேயே நின்றாள்.

“என்ன சார் இது, கோர்ட்டா, கறிக்கடையா? எவளாவது வழுக்கி விழுந்தா முட்டி போச்சு. தொடைங்க. தொடைக்காம நான் விசில் ஊத மாட்டேன்.”

துப்புரவுப் பணியாளர்கள் அத்தனை பேரையும் விருந்தினருக்கு இலை போட அனுப்பியிருந்தார்கள். விஜயபாண்டி ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார்.

“மரத்துல தண்ணிய ஊத்துவீகளா!” என்று ஏசம்மாள் போட்ட சத்தத்தில் பாதித் தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது.

இந்நாள் அணிப் பெண்கள் ஓரத்தில் நின்று தரையைப் பார்ப்பதும் மேடத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெள்ளைத்தாய் எழுந்தாள். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தாள். அவசரமில்லை. அன்றைக்குத் துப்பட்டாவை மடித்ததுபோலவே நான்காக மடித்தாள். நடுவட்டத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, பூசணிச் சதையை அதால் வாரி ஒதுக்கினாள். மறுபக்கம் திருப்பிக் குங்குமத்தைத் துடைத்தாள்.

ஜெனிலாவும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள். பாண்டிசெல்வியால் முட்டி போட முடியவில்லை. பொன்னாடையைக் கீழே போட்டு, காலால் மிதித்து, எண்ணெய்க் கோட்டின் மேலேயே தேய்த்துக்கொண்டு நடந்தாள். “ஜரிகை மரத்தைக் கீறும், உள்பக்கமாத் தொடைங்கட்டி” என்று மற்றவர்களுக்கு யோசனை சொன்னாள். அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். இந்நாள் அணிப் பெண்கள் முதலில் சிரிப்பை அடக்கினார்கள், பிறகு அடக்கவில்லை.

தரை பளபளத்தது. வெள்ளைத்தாய் முன்வரிசைக்குப் போனாள். சிவந்து நனைந்து கிடந்த துணியை டைரக்டர் மேடத்தின் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

“நல்லாத் தொடைக்குது மேடம். வச்சுக்கோங்க. அடுத்த பூசணிக்காய்க்கு ஆகும்.”

மேடம் புடவையை ஒதுக்கிக்கொண்டார்.

ஏசம்மாள் விசிலைத் தூக்கினாள். “ரெண்டு கேப்டனும் வாங்க.”

இந்நாள் அணியிலிருந்து ஓர் உயரமான பெண் வந்தாள். விஜயபாண்டி மேடத்தைப் பார்த்தார். மேடம் நாற்காலியில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவு வரவில்லை. உத்தரவு வராமல் விஜயபாண்டிக்கு வாய் திறக்காது.

“பழைய டீமுக்குக் கேப்டன் யாரு? செத்த சீக்கிரம்” என்றாள் ஏசம்மாள்.

“நான்தான்.”

“பேரு?”

“வெள்ளைத்தாய்.”

ஏசம்மாள் மேசையிலிருந்த மைக்கை எடுத்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் செய்வதுதான். “பழைய டீம் கேப்டன், வெள்ளைத்தாய்” என்று சொல்லிவிட்டு, மைக்கை வைத்துவிட்டுப் பந்தை எடுத்தாள். அவளுக்கு அது ஒரு பெயர்.

ஜெனிலா விஜயபாண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆட்டத்தில் படுதோல்வி. இளசுகள் மூச்சு வாங்காமல் ஓடின. பழைய அணி மூச்சு மட்டும் வாங்கியது. வெள்ளைத்தாய் ஒரே ஒரு பந்துதான் போட்டாள், நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து, தேங்காய் எறிவது போல ஒற்றைக் கையால். வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் மாரிசாமி பால்கோவா டப்பாவைத் திறந்து தின்றுகொண்டிருந்தார். வெள்ளைத்தாய்க்குக் கொடுத்த டப்பா அது. விரலை நக்கிக்கொண்டு சொன்னார்.

“அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா.”

“கல்யாணத்தன்னைக்குச் சொன்னேன். மூத்தவ பொறந்தப்பச் சொன்னேன். போன மாசம் சண்டையிலயும் சொன்னேன்.”

“நீ சொன்ன, சரி. இப்ப துப்பட்டாக் கதையை மைக்லயே சொன்னாவல்லா.”

வெள்ளைத்தாய் அவரைப் பார்த்தாள். நடுவட்டத்தில் உடைந்து கிடந்த பூசணிக்காயையும் இப்படித்தான் பார்த்தாள் என்று ஜெனிலாவுக்குத் தோன்றியது. ஆனால் இந்தமுறை துடைப்பதற்கு அவள் கையில் எதுவும் இல்லை. துடைக்கிற எண்ணமும் இல்லை.

பஸ் வந்தது. “வாரேன்ட்டி ஜெனி” என்று முன்படியில் ஏறி, ஜன்னலோரம் ஒரே ஓர் ஆள் மட்டும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாரிசாமி டப்பாவை மூட முடியாமல் பின்படிக்கு ஓடினார். அவர் ஏறினாரா என்று வெள்ளைத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை.