இரண்டு விரல் மரியாதை

ஏமஸ் டாட்டர்ஸ்லியின் வலதுகையில் கடைசி இரண்டு விரல்களும் நேற்று மாலையே முறிந்துவிட்டன. விக்கெட் கீப்பருக்கு விரல் முறிவது சகஜம். வெளியே தெரிந்தால்தான் பிழைப்பே போய்விடும். பதினோரு வருஷமாக அவன் நிற்கும் இடத்துக்காக, இரண்டாம் அணிக் கீப்பர் ஞாயிறுதோறும் கோயிலில் உருகி உருகி ஜெபிப்பதாகப் பேச்சு.

காசு வாங்காமல் ஆடும் கனவான்களுக்குத் தனி அறை, பட்டியலில் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்'. கூலி ஆட்டக்காரர்களின் அறையில் அவன், பந்தின் அடி தாங்க, கையுறைக்குள் பச்சை மாட்டிறைச்சித் துண்டைச் செருகிக்கொண்டிருந்தான். பந்துவீச்சாளன் ஜாப் ஹெப்டன் எட்டிப் பார்த்தான்.

"அடப்பாவி, இதுல இறைச்சி எது, விரல் எதுடா?"

"மெதுவாப் பேசு. கேப்டன் துரை காதுல விழுந்தா நான் மறுபடி நிலக்கரிச் சுரங்கத்துக்குத்தான்."

"பந்து கெடக்கட்டும். மத்தியானம் ஆட்டம் பாக்க ஒரு பிரபு வந்து எல்லாருக்கும் கை குடுக்கப்போறாரு. அவரோடது இரும்புப் பிடியாம், பேப்பர்ல போட்டிருக்கான்."

 காலை முழுக்க ஏமஸ் பந்துகளை இடதுகையால் சமாளித்தான். சீறி வந்த பந்துகளைவிட, சாப்பாட்டு மணியை நினைத்துத்தான் பயந்தான்.

மணி அடித்தது. வரிசையில் நிறுத்தினார்கள். பிரபு வந்தார், மீசை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். அவனுக்கு முன்னால் இன்னும் நாலு பேர். மூன்று பேர். ஏமஸின் முதுகில் வியர்வை ஓடியது.

"கையுறையைக் கழட்டுடா, டாட்டர்ஸ்லி!" என்று சீறினார் கேப்டன் ஃபார்க்கர்சன் துரை.

கழற்றினான். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான்.

ஏதோ குளிர்ச்சியாகக் கட்டைவிரலைத் தொட்டுவிட்டுப் போயிற்று. கண்ணைத் திறந்தால், பிரபு அடுத்தவனுக்கு நீட்டிக்கொண்டிருந்தார், இரண்டே விரல்களை. பார்வை விருந்துப் பந்தலில் இருந்த வாத்து வறுவல் மேல். இரும்புப் பிடியெல்லாம் சம அந்தஸ்துக்காரர்களுக்கு. கூலிக்கு ஆடுகிறவனுக்கு இரண்டு விரல் போதும். அவமதிப்பு இவ்வளவு இதமாக இருக்கும் என்று ஏமஸ் நினைத்ததே இல்லை.

அன்று மாலை எதிரணியின் கடைசி விக்கெட். மட்டையில் உரசிய பந்தை ஏமஸ் பாய்ந்து இடதுகையால் பிடித்தான். ஆட்டம் ஜெயம்! பத்து வருஷமாகக் கூலி ஆட்டக்காரன் எவனையும் தொட்டறியாத கேப்டன் துரை ஓடோடி வந்தார். கண்ணில் தண்ணீர்.

"மிஸ்டர் டாட்டர்ஸ்லி! நீங்க கனவான்! கையைக் குடுங்க!"

'டா' போய் 'ங்க' வந்ததும் ஏமஸ் வலதுகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். பின்வாங்கினான். துரை விடவில்லை. வலதுகையை இரண்டு கைகளாலும் பற்றி, மனதார, முழுச் சமத்துவத்தோடு குலுக்கினார்.

அலறல் வாத்து வறுவல் பந்தல்வரை கேட்டது. கையுறை கழன்று, இறைச்சித் துண்டு புல்லில் விழுந்தது. துரை அதையே வெறித்தார்.

"அது இறைச்சிதான் துரை," என்றான் ஜாப். "வீங்கியிருக்கிறதுதான் விரல்."

மறுநாள் ஒட்டிய பட்டியலில் கீப்பர் பெயர் வேறு. அந்தப் பெயருக்கு முன்னாலும் மிஸ்டர் இல்லை.