இன்னும் ஒரு குளிர்காலம்

ஜனவரி பிறந்ததிலிருந்தே லெஸ்யாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நிலவறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடினால் எப்போது நிற்குமோ என்ற பயம். நின்றால், மறுபடி ஓடுமோ ஓடாதோ என்ற பயம். முப்பத்திரண்டு வருஷத்துச் சாமான். யார்க்டன் ஊரில் அன்று மைனஸ் முப்பத்தைந்து டிகிரி. ஃபர்னஸ் நின்றுபோயிருந்தது. புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள், எழுந்துபோய்ச் சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். பதினாறு. இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

அது இப்படி நிற்கும்போதெல்லாம் முன்னாள் கணவன் ஓரெஸ்டைத்தான் கூப்பிடுவாள். விவாகரத்தாகி ஆறு வருஷம். ஆனாலும் கூப்பிட்ட அரைமணியில் வந்துவிடுவான். கீழே இறங்கி எதையோ தட்டுவான், முடுக்குவான். ஃபர்னஸ் உறுமிக்கொண்டு எழும். "மாத்திடலாமா?" என்று கேட்டால், டீயை உறிஞ்சியபடி, "எதுக்கு? இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்" என்பான்.

அன்று அவன் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஃபர்னஸ் கடைக்குச் சொன்னாள். ட்வைலா என்ற பெண் வந்து, ஃபர்னஸின் மூடியைக் கழற்றினாள்.

"இத யாரும்மா பாத்துக்கிட்டாங்க?"

"என் பழைய புருஷன்."

"கெட்டிக்காரர்தான். ஆனா அவரே எழுதி வச்சிருக்காரே, பாக்கலையா?"

மூடியின் உள்பக்கம் பென்சிலில் ஓரெஸ்டின் கையெழுத்து. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி: 'மோட்டாரின் ஆயுள் முடிந்தது. புதிது போடணும்.' அதற்குக் கீழே, அவன் வந்துபோன பதினொரு தேதிகள்.

சாயங்காலம் ஓரெஸ்ட் ஓடி வந்தான். "பல் டாக்டர்கிட்ட இருந்தேன். நின்னுபோச்சா?"

அவள் மூடியை அவன் முன்னால் சாய்த்து வைத்தாள். "தெரிஞ்சும் ஏன்யா சொல்லல? மூணு வருஷமா வீட்டுக்குள்ளயே கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

அவன் தொப்பியைக் கசக்கினான். "புதுசு போட்டுட்டா பதினஞ்சு வருஷம் ரிப்பேரே வராது, லெஸ்யா. அப்புறம் நான் எதுக்கு வர்றது?"

"வெளிய போ."

போனான்.

மறுநாள், வியாழக்கிழமை, ட்வைலா புது ஃபர்னஸைப் பொருத்தினாள். வீடு இருபத்தொரு டிகிரியில் நின்றது, சத்தமே இல்லை. ஆனாலும் லெஸ்யாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் அடுப்படிக்குமாக மூன்று நாள் நடந்தாள். அவன்மேல் வந்த கோபம் நியாயம்தான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழையது நல்லபடி ஓடி, அவன் வராத வாரங்களில் அவளுக்குள் ஒரு சலிப்பு இருந்ததே, அதற்கு என்ன பெயர்?

ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தாள்.

"என்ன ரிப்பேர்?" என்றான் ஓரெஸ்ட், பதறிப்போய்.

"ஒரு ரிப்பேரும் இல்ல. முட்டைக்கோஸ் இலையில சோறு வச்சுச் சுருட்டி வேக வச்சிருக்கேன். சாப்பிட வா. இனிமே நீ பொய் சொன்னியோ, பாரு."

ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவன் ஐந்தரைக்கே வந்து நின்றான், தலையைப் படிய வாரிக்கொண்டு.