பொய் என்று சொல்லப்போன சான்றிதழ்

நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தை அரசாங்கம் பிரித்துக் கொடுத்தபோது தங்கம்மாளுக்கும் ரெத்தினத்துக்கும் அடுத்தடுத்த வயல் விழுந்தது. நடு வரப்பு யாருடையது என்று நன்னிலம் கோர்ட்டில் ஒன்பது வருடமாக வழக்கு.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் உடம்பு சரியில்லை என்று டாக்டர் சான்றிதழ் போட்டுவிடுவார் ரெத்தினம். இந்த முறை அதன் நகலைப் பையில் வைத்துக்கொண்டு, ‘சுத்தப் பொய்யி’ என்று ஜட்ஜிடமே சொல்லிவிடக் கிளம்பினாள் தங்கம்மாள். வழியில் பார்த்தால் மனுஷன் வரப்பை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

“யோவ்! நோயாளி மம்பட்டி புடிக்கிறதைப் பாரு!”

அவர் திரும்பிய வேகத்தில் கால் வழுக்கியது. பம்புசெட்டுத் தொட்டியில் மண்டை மோதியது. முந்தானையைச் சுற்றி எவ்வளவு அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. அவர் மனைவி அம்சம் வேதாரண்யத்தில் மகள் வீட்டில் இருந்தாள். திட்டிக்கொண்டே தங்கம்மாள்தான் கார் பிடித்துத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

“என்ன மாத்திரை சாப்புடுறாரு?” என்றார் டாக்டரம்மா.

“வரப்பு என்னுது” என்று முனகினார் ரெத்தினம்.

தங்கம்மாள் பையைக் கவிழ்த்து நகலை நீட்டினாள். வாங்கிப் படித்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. “செயற்கை வால்வு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின். நல்லவேளை கொண்டாந்தீங்க!”

“அப்ப நெசந்தானா?” என்றாள் தங்கம்மாள்.

ஸ்கேனில் மண்டைக்குள்ளும் லேசான கசிவு தெரிந்தது. மாத்திரையின் வேலையை முறிக்க வைட்டமின் கே ஊசி போட்டார்கள். அது பலிக்கச் சில மணி நேரம் ஆகும் என்பதால் கூடவே ரத்தத்தை உறைய வைக்கும் பிளாஸ்மாவும் ஏற்றினார்கள்.

“இன்னுங் கொஞ்சம் ஏத்துங்களேன்” என்றாள் தங்கம்மாள்.

“அளவு மீறினா வால்வுலயே ரத்தம் உறைஞ்சிடும்மா.”

சாயங்காலம் ரத்தம் நின்றது. ரெத்தினம் கண்ணைத் திறந்து, எதிரே தங்கம்மாளைக் கண்டதும் மறுபடி மூடிக்கொண்டார். அவளைத்தான் சம்சாரம் என்று நினைத்து டாக்டரம்மா சொன்னார்: “மாத்திரையை எப்ப ஆரம்பிக்கணும்னு நாங்க சொல்லுவோம். கீரையிலயும் அந்த வைட்டமின் கே இருக்கு, அதனால தினம் ஒரே அளவா இருக்கணும். இனிமே இவரோட சண்டை போடாதீங்க.”

“சண்டையா? ஒன்பது வருசமா கோர்ட்டுல பேசிக்கிட்டிருக்கோம்!”

சேதி கேட்டு, இருட்டுவதற்குள் அம்சம் பஸ்ஸிலிருந்து இறங்கி அழுதுகொண்டு ஓடிவந்தாள். “அழுவாதடி, பொழச்சுக்கிட்டாரு” என்று அவளை உட்கார வைத்து, ஊசி, பிளாஸ்மா, கீரை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள் தங்கம்மாள். கண்ணை மூடியபடியே ரெத்தினம் முணுமுணுத்தார்.

“முளைக்கீரையா இருந்தா?”

“அதுவும் அளவாத்தான்!” என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் அதட்டினார்கள்.