பிறந்த வீட்டுக் கோடி

"வயசு எத்தனை இருக்கும்?" என்று கடைக்காரர் கேட்டதும், "இருபத்தொண்ணு" என்று சுடலைமணி சொல்லிவிட்டார்.

கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஜரிகை போட்ட பளபளப்பான சேலைகளை எடுத்து விரிக்கத் தொடங்கினார். நாலாவது சேலை விரிந்தபோதுதான் சுடலைமணிக்குத் தான் சொன்னது உறைத்தது.

"இல்ல தம்பி. நாப்பத்தேழு. நாப்பத்தேழு வயசு. தங்கச்சி சாவுக்குக் கோடி எடுக்கணும்."

விரித்த கை அப்படியே நின்றது. கடைக்காரர் அந்தச் சேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, "கட்டினவர் இருக்காரா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். இருக்கிறார் என்றதும் அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். சுடலைமணி அதைத் தொட்டுப் பார்க்காமலே தலையாட்டினார். பூப்பாறைக் கடைத்தெருவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ எல்லாம் வாங்கி அந்தப் பையிலேயே போட்டுக்கொண்டு ராஜகுமாரி பஸ்ஸுக்கு நின்றார்.

பூப்பாறையிலிருந்து ராஜகுமாரிக்கு இருபது நிமிடம். சூரியநெல்லியில் அவர் வீட்டிலிருந்து கணக்குப் போட்டாலும் ஒரு மணி நேரம் ஆகாது. அந்தத் தூரத்தைத் தாண்ட அவருக்கு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

தங்கை மாரீஸ்வரி அவருக்குப் பதினோரு வயது இளையவள். அம்மா கொழுந்து பறிக்கப் போனால் அவர் இடுப்பில்தான் இருப்பாள். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தவள், அங்கே அரிசியும் பாலும் இறக்க வரும் ஜீப்காரன் தங்கச்சனோடு ஒரு மழைநாளில் போய்விட்டாள். ராஜகுமாரியில் பள்ளி என்று சொல்லும் சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கி, மரியம் என்று பெயர் மாற்றி, மாலை மாற்றிக்கொண்டாள் என்று பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. அப்பா மொத்தக் குடும்பத்தையும் ஓடைக்குக் கூட்டிப்போய்த் தலைமுழுக வைத்தார். செத்தவளுக்குச் செய்கிற மாதிரியே எல்லாம் நடந்தது. குடத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் சுடலைமணிதான்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து அப்பா செத்தார். பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தபோது, லைன் வீடுகளுக்குக் கீழே, தேயிலைச் செடிகளின் ஓரத்தில் மாரி வந்து நின்றாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண்குழந்தை. கையில் சம்பங்கி மாலை. பெண்கள் இரண்டு பேர் இறங்கிப் போய் அவளைக் கூட்டிவரப் பார்த்தார்கள். சுடலைமணி மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "ராஜகுமாரிக்காரிக்கு இங்க என்ன சோலி? நாங்க முழுகிட்டோம்" என்றார். அவள் அங்கேயே நின்றாள். பிணம் எடுத்துப் போகும்வரை நின்றாள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது மாலை மட்டும் ஒரு தேயிலைச் செடிமேல் கிடந்தது.

இருபது நாளைக்கு முன்னால் ஒரு போன் வந்தது. "மாமா, நான் பின்சி. மாரியம்மா மக." அந்தக் குரல் தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசியது. "அம்மாவுக்குக் கேன்சர். ஆஸ்பத்திரில இனி வேண்டான்னு வீட்டுக்கு விட்டுட்டாங்க. மாமாவைப் பாக்கணும்னு சொல்றாங்க."

"பாப்போம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். பூப்பாறையில் இறங்கி டீ குடித்தார். போய் வாசலில் நின்றதும் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது டீயும் குடித்தார். பிறகு எதிர்ப்பக்கம் போய்ச் சூரியநெல்லி பஸ்ஸில் ஏறிவிட்டார். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் எஸ்டேட் கோயில் கொடை விழா. அதற்கடுத்த வாரத்தில், நேற்று மத்தியானம் மாரி போய்விட்டாள்.

காலையில் மனைவி செல்வலட்சுமிதான் சொன்னாள். முட்டி வலியில் அவளால் பஸ் ஏற முடியாது. "ஏங்க, பொறந்த வீட்டுக் கோடி விழாம அவளத் தூக்க மாட்டாவ. நீங்க போற வரைக்கும் கெடந்து காத்திருப்பா. வெரசாப் போங்க."

ஏலக்காட்டுக்கு நடுவே இருந்தது வீடு. முற்றத்தில் பந்தல் போட்டு, நீல நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தூக்காமல் காத்திருப்பார்கள் என்று செல்வலட்சுமி சொன்னதை நம்பி வந்தவருக்கு, இங்கே யாரும் எதற்காகவும் காத்திருப்பதாகத் தெரியவில்லை. மூன்று மணிக்கு அடக்கம் என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். அதில் மரியம் என்ற மலையாள எழுத்துக்களை அவர் கூட்டிப் படித்தார். போர்டுப் படத்திலிருந்த பெண்ணை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு, சிரிக்கும்போது உதடு இடதுபக்கம் கோணுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போனார். மாரி தங்க ஜரிகை போட்ட சந்தன நிறப் பட்டுச்சேலையில் இருந்தாள். தலையில் வெள்ளைப் பூவால் கிரீடம். கைகளில் வெள்ளை உறை, விரல்களுக்கிடையே ஜெபமாலை. அவர் பார்க்காத கலியாணத்தின் பெண்.

"மந்திரகோடி" என்று பக்கத்திலிருந்த ஒருவர் தன் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கலியாணத்தன்று பள்ளிக்குள் மாப்பிள்ளை பெண்ணின் தலையில் போடும் சேலை அது. துணிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்து, கடைசியில் அதை உடுத்தித்தான் அடக்குவார்களாம். இவர்களிடமும் அதற்குக் கோடி என்றுதான் பெயர். சுடலைமணி கையிலிருந்த பையை வேட்டி மடிப்பின் பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

பாதிரியார் வந்து வீட்டு ஜெபத்தைத் தொடங்கினார். அறுபது வயதிருக்கும். எல்லாரும் அச்சன் என்றார்கள். எபிரேயர்களின் பழைய நாட்டில் ஒரு ராஜாவின் கலியாணத்துக்குக் கட்டிய பாட்டு ஒன்று வேதத்தில் இருக்கிறது என்று மலையாளத்தில் சொன்னார். ராஜாவின் உடுப்பில் வாசனைத் தைலம் மணக்கிறது. அவனுக்கு வலப்பக்கம் ராணி பொன்னணிந்து நிற்கிறாள். சித்திரத் தையல் போட்ட ஆடையில் தோழிகள் சூழப் புதுப்பெண் அரண்மனைக்குள் வருகிறாள். அந்த ராஜா கிறிஸ்து என்றும், அந்தப் பெண் திருச்சபை என்றும் நம் ஆதிப் பிதாக்கள் கண்டார்கள். சபையின் ஒவ்வொரு ஆத்துமாவும் அந்தப் பெண்தான். பிறந்த ஜனத்தையும் பெற்றவன் வீட்டையும் மனசிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்கிறது பாட்டு. அப்படி வருகிறவளின் அழகில்தான் ராஜா மயங்குவான். நம் மரியம் அப்படி வந்தவள். இன்றைக்கு அவளுக்குக் கலியாணம்.

மலையாளம் அவருக்கு நன்றாகவே புரியும். இறக்கி வைத்துவிட்டு வந்தாளா என்று அவர் பெட்டியைப் பார்த்தார். இறக்கிவிட்டவர்கள் தாங்கள் அல்லவா என்று தோன்றியதும் பார்வையைக் காலடிக்குக் கொண்டுபோனார்.

ஜெபம் முடிந்து ஆட்கள் வரிசையாக முத்தம் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் நேராக அவரிடம் வந்தாள். அழுது வீங்கிய முகம், மாரியின் நெற்றி.

"சுடலை மாமாதானே?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"அம்மா சொல்லிருக்காங்க. நிக்கும்போது ஒரு தோள் எறங்கி இருக்கும்னு." பின்சி பையைப் பார்த்தாள். "அது என்னது மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. கோடி. எங்க ஊர்ல பொறந்த வீட்டுல இருந்து போடறது. இங்க... அதான் உடுத்தியாச்சே."

அவள் பையை வாங்கிக்கொண்டு தன் அத்தை ஏலியம்மாவிடம் போனாள். தங்கச்சனின் அக்கா அவர். பேசுவது காதில் விழுந்தது. மந்திரகோடி உடுத்தியபின் அதன்மேல் வேறு துணி போடும் வழக்கமில்லை என்றார் அந்த அம்மாள். கோபமில்லாமல், தெரிந்த சட்டத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். பின்சி ஏதோ சொல்லக் குரலை உயர்த்தினாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுடலைமணி, "வேண்டாம்மா, விடு" என்று முன்னால் வந்தார்.

அதுவரை பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கச்சன் எழுந்தார். முழுதும் நரைத்துப்போயிருந்தார். அவரும் சுடலைமணியும் கடைசியாகப் பேசியது எஸ்டேட் சரக்கு ரூம் வாசலில், அரிசி மூட்டை எண்ணும்போது.

"மேல போடண்டா" என்றார் தங்கச்சன். "தலைக்கு வைக்காம். தலையணை மாத்தி இது வைக்காம். அதுக்கு ஒண்ணும் தடஸ்ஸம் இல்லல்லோ, சேச்சி?"

ஏலியம்மா தடையில்லை என்று தலையசைத்தார்.

"அண்ணன் தலையைப் பிடி" என்று சுடலைமணியிடம் திரும்பினார் தங்கச்சன்.

சுடலைமணி குனிந்து இரண்டு கைகளையும் தங்கையின் தலைக்கடியில் கொடுத்தார். தூக்கியபோது கை எதிர்பார்த்த கனம் அங்கே இல்லை. பூக்கிரீடத்துக்குக் கீழே கட்டியிருந்த துணி விலகியது. ஒரு முடி இல்லை. அம்மா முட்டிக்கிடையில் உட்கார வைத்து, சிக்கெடுக்க முடியாமல் அடித்துப் பின்னிவிடுகிற முடி. தங்கச்சன் சாட்டின் தலையணையை உருவிவிட்டு, அரக்குச் சேலையை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்தார். மஞ்சளையும் குங்குமத்தையும் பூவையும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்சி சேலை மடிப்புக்குள்ளேயே செருகினாள். சுடலைமணி தலையை இறக்கி வைத்தார். கையை உருவ நேரமாயிற்று.

"வெளிய தெரியுதா?" என்று கேட்டார்.

"கரை கொஞ்சம் தெரியுது மாமா."

"இருக்கட்டும்."

அலங்காரக் குடைகளும் வெள்ளிச் சிலுவையுமாக ஊர்வலம் பள்ளிக்குப் போனது. கல்லறையில் எல்லாரும் குழிக்குள் குந்திரிக்கச் சாம்பிராணி போட்டார்கள். அவரும் ஒரு பிடி வாங்கிப் போட்டார். மண் தள்ளி முடித்ததும் கூட்டம் பால் விடாத கட்டன் காப்பி குடிக்கப் பந்தலுக்குத் திரும்பியது. அவர் மட்டும் ஈர மண்ணில் நின்றுகொண்டிருந்தபோது, அச்சன் அங்கியைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஆங்ஙளையா? பிரதர்?"

"ஆமாங்க."

அச்சன் தமிழும் மலையாளமுமாகப் பேசினார். "நான் வீட்ல சொன்ன அந்தப் பாட்டில்லையா, அது வாசிக்கிற நாளெல்லாம் மரியம் எங்கிட்டச் சண்டைக்கு வரும். அந்தப் பொண்ணுக்கு எத்தர வயசு அச்சோ? அவளுக்கு அம்மா உண்டா? இப்படி. நான் சொல்வேன், அது பொண்ணல்ல, சபையாக்கும்னு. உடனே கேட்டுச்சு, சபைக்கு ஏது அச்சோ அப்பன் வீடு?"

சுடலைமணி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் படிச்சதைச் சொன்னேன். வேற தெய்வங்களைத் தொழுதுட்டிருந்த ஜனங்க சபைக்கு வந்தாங்க. அவங்க விட்டுட்டு வந்த பழையதுதான் அப்பன் வீடு. கேட்டுட்டு, அப்ப அது நானேதான்னு சிரிச்சுது." அச்சன் அங்கியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "போன மாசம் வீட்டுக்குக் குர்பானை அப்பம் கொடுக்கப் போயிருந்தேன். அப்பவும் அதையே வாசிக்கச் சொல்லிச்சு. முழுசும் வாசிச்சேன். முடிஞ்சதும் கேட்டுது, ராஜா கூட்டிட்டுப் போனப்புறம், அந்தப் பொண்ணோட வீட்ல இருந்து யாராவது பாக்க வந்தாங்களா? அது அந்தப் பாட்டுல இருக்கா அச்சோ?"

"என்ன சொன்னீங்க?"

"அது அதுல இல்லைன்னு சொன்னேன்."

தூரத்தில் யாரோ அச்சனைக் கூப்பிட்டார்கள். அவர் சுடலைமணியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் தங்கச்சன். சுடலைமணி வேண்டாம், பஸ் இருக்கிறது என்றார். பின்சி கூடவே நடந்து வந்தாள். பஸ் நிறுத்தத்தின் சிமெண்டுத் திண்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் காதில் சின்னத் தங்கத் தோடு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டிய காது.

"காது எங்க குத்துனாங்க?"

"ராஜாக்காட்டுல, நகைக்கடைல. மூணு வயசுல. துப்பாக்கி மாதிரி ஒண்ணு வெச்சு." அவள் தோட்டைத் திருகிக்கொண்டாள். "கடைக்காரரு அம்மா மடில வெச்சுக்கச் சொன்னாராம். அம்மா கேக்கலயாம். ஒரு ஸ்டூல் போடச் சொல்லி அதுல என்ன ஒக்கார வெச்சுட்டு, அம்மா தள்ளி நின்னுட்டாங்களாம். அது மாமா எடம்னு."

சூரியநெல்லி போகும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"அடுத்த பஸ் எப்ப?" என்று சுடலைமணி பின்சியிடம் கேட்டார்.

"ஆறு மணிக்கு மாமா."

அவர் கண்டக்டரிடம் கையசைத்தார். பஸ் புகையை விட்டுவிட்டு நகர்ந்தது. எதிர்க்கடையில் இரண்டு பேர் ஏலக்காய் மூட்டைகளை ஒரு ஜீப்பின் மேல் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை ஒன்று சரிந்தது. அவர்கள் கயிற்றை அவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்கள். மாமனும் மருமகளும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.