கழற்றிய விளிம்பு

ஓடுதளத்தின் உள்விளிம்பில் பூட்டியிருந்த அலுமினியப் பட்டையை நேற்றே கழற்றிப் போட்டவன் நான்தான். மைதானத்தைக் கால்பந்து கிளப் வாங்கிவிட்டது. ஓடுதளம் போய் அங்கே இருக்கைகள் வரும். பெயர்க்கும் இயந்திரம் இன்று நாலு மணிக்கு வருகிறது. "சின்ன வேலையெல்லாம் முன்னாடியே முடிச்சு வை" என்றார் சூப்பர்வைசர். சொன்ன நேரத்துக்கு முன்பே நான் முடித்த ஒரே வேலை அது.

இன்று காலை பத்தரைக்கு அக்காவுக்கு இங்கே தகுதி ஓட்டம். எண்ணூறு மீட்டர், இரண்டு நிமிடம் பத்து விநாடிக்குள் ஓடினால் தேசிய முகாம். அவளுக்கு முப்பத்தொரு வயது. இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நேரம் குறிக்க வந்த நடுவருக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுநாடா. வந்ததும் தரையைத்தான் பார்த்தார்.

"பட்டை எங்கம்மா?"

"இல்லாட்டி என்ன சார், கோடுதான் இருக்கே."

"நீ கோட்ட மிதிச்சு உள்ள ஓடினா தூரம் குறையும். நேரம் செல்லாது. நான் ஒரு மணிக்குக் கிளம்பணும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "எந்தப் புண்ணியவான்டா கழட்டினது?"

"சூப்பர்வைசர் சொன்னாருக்கா..."

"அவரு கெணத்துல குதின்னா குதிப்பியா? மூணு மாசமா இந்தத் தேதியத்தானே உன் காதுல ஓதுறேன்!"

திரும்பப் பூட்ட ஆள் கேட்டேன். "என் ஆளுங்க பெயர்க்க வந்தவங்கப்பா, பூட்ட இல்ல" என்றார் சூப்பர்வைசர்.

வளைவுத் துண்டு, நேர்த் துண்டு எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டிருந்தேன். எண் எழுதவில்லை. வளைவு லேசானது, கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும்.

"நீ உட்காருக்கா, நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே" என்று ஸ்பேனரைப் பிடுங்கினாள்.

இரண்டு மணி நேரம் இருவரும் குந்தியபடியே நகர்ந்தோம். அளவுநாடா பின்னாலேயே மண்டியிட்டு அளந்துகொண்டு வந்தார். பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசி போல்ட்.

அக்கா ஓடினாள். முதல் சுற்று சரியாக இருந்தது. இரண்டாவதில் கடைசி வளைவில் தொடை இரண்டும் மரத்துப்போனது தெரிந்தது. இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

அளவுநாடா எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எல்லாம் முறைப்படி இருக்கும்மா. இந்த நேரம் செல்லும்."

தரையில் படுத்திருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"செல்லுமாம்டா, கேட்டியா?"