க்ளென்னின் கட்டைவிரல்

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு துணிக்கடை. அதன் மாடியில் இருந்த கிளினிக்கில் காலை ஏழரை மணிக்கே ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பி. எல்லோருமே கப்பல்காரர்கள். கடலே இல்லாத ஊரில் இத்தனை கப்பல்காரர்களா என்று கீழே துணிக்கடை வாட்ச்மேனுக்கு ஆச்சரியம் தீரவில்லை. மாடிப்படி ஏறுகிறவர்களையெல்லாம் ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்துத்தான் விட்டார். அடுத்த கப்பலுக்கு உடம்பு தகுதியாக இருக்கிறதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வேலை. இல்லாவிட்டால் பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட வேண்டியதுதான்.

ஆறாவதாக உட்கார்ந்திருந்தவன் க்ளென். சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற ஆயிலர், பன்னிரண்டு வருஷ சர்வீஸ். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தவன் அவன் ஒருவன்தான். பிரபா அவனுக்கு வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு இடது காது கேட்பதில்லை என்பது அவளுக்குத் தெரிந்து பத்து நாள்தான் ஆகிறது.

ஒன்பது மாதம் கழித்து அவன் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்து இறங்கியபோது அதெல்லாம் யாருக்கும் தெரியாது. மகள் அனுஷா உலகப்படத்தைத் தரையில் விரித்துவைத்து, எங்கெல்லாம் போனாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றினோம், சீனாவில் இறக்கினோம், தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி ஏற்றினோம், அந்தத் துறைமுகத்துக்குப் பேர் ரிச்சர்ட்ஸ் பே என்றான். ரிச்சர்ட்ஸ் டவுன்காரன் ரிச்சர்ட்ஸ் பேக்குப் போனது அவளுக்கு ஒரே சிரிப்பு. அங்கே என்ன பார்த்தாய் என்றும் கேட்டாள். எஞ்சின் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல்நீரை உள்ளே இழுக்கிற குழாயில் ஒரு வெப்பமானி உண்டு. அவன் பார்த்த வெளிநாடு அதுதான். பிரேசில் இருபத்தெட்டு டிகிரி, தென்னாப்பிரிக்கா இருபத்துமூன்று, சீனா ஆறு. அனுஷா அதை அப்படியே பென்சிலால் படத்தில் எழுதிக்கொண்டாள்.

எஞ்சின் ஓடும்போது அங்கே யார் பேசினாலும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். அதையும் மகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தான். முஷ்டியை மூடித் தூக்கினால் நிறுத்து. கட்டைவிரலைத் தூக்கினால் சரி. சொல்லிக்கொடுக்காத அர்த்தம் ஒன்றும் அந்தக் கட்டைவிரலுக்கு உண்டு: நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை, ஆனாலும் பார்த்துக்கொள்கிறேன். மறுபடி மறுபடி என்ன என்ன என்று கேட்கிற ஆயிலரை எந்த எஞ்சினியருக்கும் பிடிக்காது. முதலில் விரலைத் தூக்கிவிட வேண்டும். அப்புறம் பக்கத்திலிருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்த்துச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் சும்மா இருக்கவில்லை. காப்பி வேணுமா என்றாலும் விரல், காஸ் வந்துவிட்டது என்றாலும் விரல். கப்பல் பழக்கம் என்று பிரபா சிரித்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஸ்டூல்மேல் ஏறி மின்விசிறி இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிரபாவின் அண்ணன் அருண்குமார் ஹென்னூர் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குச் சொல்லிவைத்திருந்தான். சம்பளம் கப்பலில் வருவதில் பாதிகூட இல்லை. ஆனால் தினமும் வீட்டுக்கு வரலாம். ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதை அவள் அன்றுதான் தைரியமாகக் கேட்டாள். "இனிமே கப்பலுக்குப் போக வேணாங்க. அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிடட்டுமா?"

அவன் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். கட்டைவிரலைத் தூக்கினான்.

பிரபா சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் அண்ணனுக்குப் போன் செய்தாள். மறுநாள் சர்ச்சில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டாள்.

திங்கட்கிழமை, கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. அவன் வலது காதில் வைத்துப் பேசிவிட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை மெடிக்கல் என்று சாதாரணமாகச் சொன்னான். பிரபாவுக்குக் கோபம் வந்தது. சனிக்கிழமை சரி என்றீர்களே என்று சண்டைக்குப் போனாள். எதற்குச் சரி என்றேன் என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தாள், நடிப்பில்லை. சட்டையை மடித்துக்கொண்டிருந்தவனின் முதுகுக்குப் பின்னால், இடது பக்கமாகப் போய் நின்று சொன்னாள்.

"அனுஷாவுக்கு ஜுரம்."

அவன் சட்டைக் காலரை நிமிர்த்திப் பட்டன் போட்டான். அடுத்த சட்டையை எடுத்தான். பிரபா முன்பக்கமாக வந்து அவன் இடது காதைத் தொட்டுக் கேட்டாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். நாலாவது மாதம் காதுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்தது. காதை மூடுகிற கருவியில் இடது பக்க ஸ்பாஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. புதிது கேட்டான். அடுத்த போர்ட்டில் வரும் என்றார்கள். மூன்று போர்ட் போனது. எண்ணெய் துடைக்கிற பஞ்சுத் துணியை உருட்டி அந்த ஓட்டைக்குள் அடைத்துக்கொண்டு வேலை பார்த்தான். காது கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் என்ற பயம்.

க்ளென் நேரில் போய்ப் பார்க்காததால், இதற்குள் அருண்குமார் சொன்ன வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். பிரபா அவனுடைய கப்பல் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தாள். கப்பலில் உடம்புக்கு ஆனதைக் கம்பெனி பார்க்க வேண்டும், கரையிலே தோதான வேலையும் தர வேண்டும் என்று இருந்தது. மறைக்க வேண்டாம், கப்பலில் போன காதைக் கப்பல்காரன்தான் பார்க்க வேண்டும் என்றாள். அவன் விரலைத் தூக்கப் போனான். "வாயால சொல்லுங்க" என்றாள். சரி என்றான். பன்னிரண்டு வருஷ வேலையை ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டானா என்பதில் அவளுக்கு இன்னும் சந்தேகம் இருந்தது.

கிளினிக் வரிசையில் க்ளென்னின் இடது பக்கத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் தூத்துக்குடி, மகள் வீடு இங்கே அடுகோடியில் என்று வந்ததுமே சொல்லியிருந்தார். காது டெஸ்ட் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே குனிந்து க்ளென்னிடம் முணுமுணுத்தார். "காது மந்தம்னா பயப்படாதீய. உள்ள குடுக்குத பட்டன, சத்தம் கேக்காட்டாலும் ஒருதடவ அமுக்கிட்டு, மனசுக்குள்ள நாலு எண்ணி மறுபடி அமுக்குங்க. எனக்கு மூணு வருஷமா அப்பிடித்தாம் ஓடுது."

க்ளென் அவரைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலைத் தூக்கினான்.

ஒரு வார்த்தைகூட அவன் காதில் விழவில்லை என்று பிரபாவுக்குத் தெரியும். அவள் காதில் எல்லாம் விழுந்தது. வலது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள். லேசாகச் சாய்ந்து சொன்னால் போதும். நாலு எண்ணணுமாம், அவ்வளவுதான். வேலை நிலைக்கும், அனுஷாவின் பள்ளிக்கூடம் நின்றுபோகாது. ஆனால் இன்னொரு ஒன்பது மாதம் போய்வந்தால் வலது காதும் போகும். அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். உள்ளே அவன் பேரைக் கூப்பிட்டார்கள். அவள்தான் தொட்டு எழுப்பினாள்.

டெஸ்ட் அறைக்குள் டெலிபோன் பூத் அளவுக்கு ஒரு கூண்டு, பாதிக் கண்ணாடி. டெக்னீஷியன் சாய்கிருஷ்ணா அவன் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் கட்டைவிரலால் அமுக்க வேண்டும் என்று ஜாடையில் காட்டினார். பிரபா வெளியே நின்று பார்த்தாள். முதலில் வலது காது. விரல் அமுக்கியது, விட்டது, அமுக்கியது. அப்புறம் சாய்கிருஷ்ணா இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார். பட்டன்மேல் விரல் காத்திருந்தது. அவர் சத்தம் கூட்டுகிற குமிழைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். க்ளென் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தான். அவர் குமிழைக் கடைசிவரைக்கும் திருப்பிவிட்டார். இதுவரை கேட்காததற்கெல்லாம் சரி சொன்ன விரல் அன்று அசையவில்லை.

அன்ஃபிட் என்று டாக்டர் எழுதினார். அந்தத் தாளோடு மூலையிலிருந்த மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏஜென்சியின் ஆள் அச்யுத் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். மெடிக்கல் நாளில் அவனே வந்துவிடுவது வழக்கம். மரியாதையான பிள்ளை, பிரபாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். இது கப்பலில் ஆனது, கம்பெனிக்கு எழுத வேண்டும் என்று அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"நோடி, பாருங்க மேடம், சார் சிங்கப்பூர்ல எறங்கறப்போ தேர்ட் ஆபீசர் கேட்டிருக்கார். காயம், வியாதி, கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லன்னு போட்டிருக்கு. கீழ சார் சைன்."

கையெழுத்துக்குமேல் ஆங்கிலத்தில் பேனாவால் ஒரு வரி: கேட்கப்பட்டது, ஊழியர் சரி என்றார். பிரபா அந்த வரியைக் கணவனுக்குத் தொட்டுக் காட்டினாள். அவன் அதையே வெகுநேரம் பார்த்தான். அன்று சிங்கப்பூரில், கப்பலிலிருந்து இறங்கும் ஏணியடி, கிரேன் சத்தம், கீழே ஏர்போர்ட் வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அட்டையில் தாளை வைத்துக்கொண்டு இடது பக்கம் நின்ற அந்த அதிகாரியின் வாய் அசைந்தது மட்டும் அவனுக்கு நினைவிருந்தது.

"வாயால நான் ஒண்ணும் சொல்லல பிரபா" என்றான். "விரலத்தான் காட்டினேன்."

அச்யுத் சங்கடமாகச் சிரித்தான். சார் வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு நாள் ஆகிவிட்டதே என்றான். வீட்டில் டிவி சத்தமாக வைப்பீர்களா, பக்கத்தில் மெட்ரோ வேலை ஏதாவது நடக்கிறதா என்று கேட்டான். ஃபாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. ஆத்திரத்தோடு பிரபா குனிந்து கைப்பைக்குள் ஒப்பந்தத்தைத் தேடினாள். கீழே பஸ் ஒன்று விடாமல் ஹார்ன் அடித்தது. அந்த நேரத்தில் அச்யுத் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு க்ளென்னின் இடது பக்கமாக வந்து குனிந்தான்.

"இப்போதைக்கு, கரைக்கு வந்தப்புறம் ஆனதுன்னு போட்டுடறேன் சார். ஓகேவா?"

க்ளென் அந்தப் பையனின் வாயைப் பார்த்தான். சிரித்தான். கட்டைவிரல் உயர்ந்தது.

பிரபா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். விரலை மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் மூடி, அந்த முஷ்டியைத் தன் இரண்டு கைகளாலும் அச்யுத்தின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவன் அதற்குள் என்டரைத் தட்டியிருந்தான். அந்த ஜாடைக்கு நிறுத்து என்று அர்த்தம் என்பது அவனுக்குத் தெரியாது. மூடிய முஷ்டியைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அடுத்தவரை வரச் சொன்னான்.